வோக்ஸ்வேகன் காருக்குச் சுழற்றுக் கைப்பிடி

மலாயாவின் சாலைகளில் 1950களில் ஓடிய மோரிஸ் மைனர், ஆஸ்டின் முதலிய ஆங்கிலக் கார்களின் முன்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே நீண்ட இரும்புக் கைப்பிடியைச் செலுத்தி ஒரு சுற்றுச் சுற்றினால், பாட்டரி சோர்ந்துபோன வண்டியும் உயிர்பெற்று எழும். பேச்சு வழக்கில் இதனை ‘ஹாண்டில் அடித்தல்’ என்பர். அதே சாலைகளில் அதே காலத்தில் ஓடிய வோக்ஸ்வேகன் காரில் இந்தத் துளை இல்லை. காற்றினால் குளிர்விக்கப்படும் எஞ்சினைப் பின்புறத்தில் சுமந்து செல்லும் அவ்வண்டியின் பாட்டரி ஓய்ந்துவிட்டால், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவதே வழி.

பழைய வோக்ஸ்வேகன் வண்டிகளைப் பேணிக் காப்போர் சிலர் இன்று அவற்றிற்குக் கைப்பிடி பொருத்திக்கொள்கின்றனர். இது புதுமை போலத் தோன்றினும் உண்மையில் பழைய ஏற்பாடே. பெர்டினாண்ட் போர்ஷே வகுத்த இக்காரின் போர்க்கால உடன்பிறப்பாகிய கியூபல்வாகன் என்னும் படைவண்டி 1940 முதல் 1945 வரை செய்யப்பட்டது. உறைபனியில் பாட்டரியை நம்ப இயலாது என்பதால் அதற்குக் கைப்பிடி உடனிருந்தது. போர் முடிந்தபின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையிலிருந்து வெளிவந்த முதற் கார்களின் பின்தகட்டிலும் கைப்பிடிக்கான துளை இருந்தது. 1940களின் இறுதியில் அது கைவிடப்பட்டது. ஆகவே இன்று பொருத்துகின்றவர் செய்வது, அடைபட்ட கதவைத் திரும்பவும் திறப்பதாகும்.

கைப்பிடி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். பழைய வோக்ஸ்வேகனின் மின்னமைப்பு 6 வோல்ட். 1960களின் பிற்பகுதியில்தான் அது படிப்படியாக 12 வோல்ட்டுக்கு மாறியது. எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார், ஓரிரு நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். தீப்பொறி தரும் சுருளுக்கோ ஒருசில ஆம்பியரே போதும். எனவே ஸ்டார்ட்டரைச் சுழற்ற வலுவற்றுப்போன பாட்டரியிலும் தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரம் எஞ்சியிருத்தல் கூடும். அந்நிலையில் கை சுழற்றினால் எஞ்சின் ஓடும். பாட்டரி முற்றும் வறண்டுபோயிருந்தால் கைப்பிடியை எத்தனை முறை சுற்றினாலும் பயனில்லை. கையின் மெதுவான சுற்றில் டைனமோ மின்சாரம் தாராது. பழங்காலத்து வண்டிகள் சிலவற்றில் மாக்னெட்டோ என்னும் கருவி இருந்தது. அது தன் தீப்பொறியைத் தானே பிறப்பித்தது. அவ்வண்டிகளுக்குப் பாட்டரியே வேண்டியதில்லை. பாட்டன் காலத்துக் கார் வெறுங்கையால் ஓடியதே, இது ஏன் ஓடவில்லை என்று வியப்பவர் இவ்வேறுபாட்டை மறந்தவராவார்.

‘கிராங்க்’ என்னும் உறுப்புக்குத் தமிழில் ‘வணரி’ என்று பெயரிட்டுள்ளனர். வணர் என்பது வளைவு; யாழின் வளைந்த கோட்டைக் குறிக்கப் பண்டைப் புலவர் ஆண்ட சொல். எஞ்சினின் நடுவே முழங்கை முழங்கையாக மடிந்து கிடக்கும் தண்டை வணரித்தண்டு என்பது மிகப் பொருத்தம். பட்டறையில் அப்பெயரைச் சொன்னால் எவருக்கும் விளங்காது என்பது வேறு. கைப்பிடியும் இருமுறை மடிந்த ஒரு வணரியே. ஒரு வணரியைக் கொண்டு இன்னொரு வணரியைச் சுழற்றுவதுதான் இங்கு நடைபெறும் வேலை.

வோக்ஸ்வேகனில் இவ்வணரித்தண்டின் பின்முனை கண்ணுக்குத் தெரிகிறது. எஞ்சின் மூடியைத் திறந்தால், மேலே டைனமோவும் அதன் தண்டில் விசிறியும், கீழே ஒரு கப்பியும், இரண்டையும் இணைக்கும் வார்ப்பட்டையும் காணப்படும். கீழ்க்கப்பியை வணரித்தண்டோடு பிணைப்பது நடுவிலுள்ள பெரிய போல்ட் ஒன்று. அதன் தலைக்கு 30 மில்லிமீட்டர் சாவி வேண்டும். அதைக் கழற்றிவிட்டு, அதே மறையும் அதே நீளமும் உடைய, தலையில் இரு நகங்கள் வெட்டப்பட்ட போல்ட்டை முடுக்குவதே பொருத்தும் வேலையின் முதற்படி. நீளத்தில் கவனம் வேண்டும். போல்ட் சற்றே நீண்டுவிட்டால், அது துளையின் அடியில் முட்டி நிற்கும்; கப்பியோ இறுகாமல் ஆடிக்கொண்டிருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் இறுகிவிட்டதென்றே எண்ணுவர்.

இந்த நகங்களின் வடிவிலேதான் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு நகமும் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். கைப்பிடியின் முனையில் குறுக்கே ஓர் ஊசி பாய்ச்சப்பட்டிருக்கும். பின்னால் நின்று பார்ப்பவருக்கு எஞ்சின் கடிகார முள் செல்லும் திசையில் சுழல்கிறது. கையும் அதே திசையில் சுற்றும்போது ஊசி செங்குத்துப் பக்கத்தைப் பற்றித் தண்டைச் சுழற்றுகிறது. எஞ்சின் பற்றிக்கொண்டு கையைவிட விரைந்து ஓடத் தொடங்கியதும், சரிவுப் பக்கம் ஊசியின்மேல் ஏறி, கைப்பிடியை வெளியே தள்ளிவிடுகிறது. பற்றுவதும் விடுவதும் தாமாகவே நிகழ்கின்றன. மிக எளிய, மிக அழகிய ஏற்பாடு.

ஆயினும் இவ்வேற்பாடு ஒரு திசையில் மட்டுமே காக்கும். எஞ்சின் முன்னோக்கி ஓடினால் நகம் கையை விடுவிக்கிறது. எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் அதே நகத்தின் செங்குத்துப் பக்கம் ஊசியை இறுகப் பற்றி, கைப்பிடியையும் அதைப் பிடித்த கையையும் சேர்த்து எதிர்த்திசையில் வீசுகிறது. மோட்டார் யுகத்தின் தொடக்கத்தில் இவ்வாறு மணிக்கட்டு முறிந்தோர் பலர். முன்கையெலும்பு மணிக்கட்டருகே முறியும் ஒருவகை முறிவுக்கு ‘சாரதி முறிவு’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரே மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. சார்ல்ஸ் கெட்டரிங் ஆக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் வண்டியில் இடம்பெற்றதும் மக்கள் அதை ஆவலோடு வரவேற்றதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று.

எஞ்சின் ஏன் பின்னோக்கி உதைக்கிறது? பிஸ்டன் தன் பயணத்தின் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பிளக்கில் தீப்பொறி விழுகிறது. எரிபொருள் எரிந்து விரிவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால் இவ்வாறு அமைத்துள்ளனர். விரைவாக ஓடும் எஞ்சினில் இது சரி. வெடிப்பின் முழு வலிமை வெளிப்படுமுன் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். கையின் மெதுவான சுற்றிலோ, பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே வெடிப்பு வலுத்துவிடக்கூடும். அப்போது அது வந்த வழியே திருப்பித் தள்ளப்படுகிறது. இதனால்தான் 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்டு டீ மாடல் வண்டியில் தீப்பொறியைப் பிந்தச்செய்யும் நெம்புகோல் ஒன்று ஸ்டியரிங் அருகே இருந்தது. அதைத் தள்ளாமல் கைப்பிடியைத் தொடுவது அறிவீனம் எனக் கருதப்பட்டது.

வோக்ஸ்வேகனில் அத்தகைய நெம்புகோல் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் தானே பொறிநேரத்தை மாற்றிக்கொள்ளும். 25, 30 குதிரைத்திறன் கொண்ட பழைய எஞ்சின்களில், ஓடாத நிலையில் தீப்பொறி விழும் இடம் உச்சிக்கு 7½ பாகை முன்னதாகும். அளவோடு கூடிய இடம்தான் இது. ஆனால் வண்டி சற்று மிடுக்காக ஓடட்டும் என்று எண்ணி இதை முன்தள்ளி வைத்திருப்போர் உண்டு. அத்தகைய வண்டிக்குக் கைப்பிடி பொருத்துவது, வாயிலில் பொறி வைத்துவிட்டு அதன்மேல் கால் வைப்பது போலாகும். நகப் போல்ட்டை வாங்குமுன் ஒரு சிறு விளக்கைக் கொண்டு பொறிநேரத்தைச் சோதித்துக்கொள்ளல் நன்று.

இனிப் பின்தகட்டில் துளையிடும் வேலை. அளவை எந்த நூலிலும் தேட வேண்டியதில்லை. வண்டி செய்த ஆண்டுக்கேற்பத் தகட்டின் வடிவும் பம்பரின் உயரமும் மாறுபடும். கப்பியின் நடுவிலிருந்து நேரான கம்பியொன்றைப் பிடித்து, அது தகட்டைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்வதே தக்க முறை. துளையைத் தண்டின் பருமனைவிடப் பெரிதாக வெட்ட வேண்டும். இந்த எஞ்சின் நான்கு போல்ட்டுகளால் கியர்ப் பெட்டியோடு பூட்டப்பட்டுத் தொங்குவது. கியர்ப் பெட்டியோ ரப்பர்மேல் அமர்ந்திருப்பது. ஆகவே தகடு அசையாமல் நிற்க, எஞ்சினின் பின்முனை மேலும் கீழும் சிறிது ஆடும். தகட்டின் துளை தண்டை இறுகப் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று நெரிக்கும். அதற்காகத் தாங்கியே இல்லாமல் விடுவதும் தகாது. தாங்கி இல்லாத கைப்பிடி பக்கவாட்டில் வளைந்து கப்பியை ஒருபுறம் அழுத்தும். வோக்ஸ்வேகன் கப்பியின் கழுத்தில் எண்ணெயைத் தடுக்க ரப்பர் வளையம் இல்லை; அங்கு வெட்டப்பட்ட திருகுவரிதான் கசிந்து வரும் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அந்தக் கழுத்து உராய்ந்து தேய்ந்துவிட்டால் எண்ணெய் ஒழுகுவதை நிறுத்துவது பெரும்பாடு. கைப்பிடிக்குத் தளர்வான, ஆனால் உறுதியான ஒரு தாங்கி தேவைப்படுவது இதனாலேயே.

நகம் நிற்கும் கோணமும் கருதத்தக்கது. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வோர் அரைச்சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் அமுக்கத்துக்கு வருகிறது. கை கீழிருந்து மேலே இழுக்கும்போதே அந்த அமுக்கத்தைக் கடந்துவிட வேண்டும்; கைப்பிடி உச்சியை அடையுமுன் பிஸ்டன் தன் உச்சியைத் தாண்டியிருத்தல் வேண்டும். போல்ட்டை முடுக்கி முடித்தபின் நகங்கள் தவறான கோணத்தில் நின்றால், தலைக்கடியில் மெல்லிய வளையத் தகடு ஒன்றைச் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம். சிலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் கைப்பிடியைக் கீழ்நோக்கி அமுக்கித்தான் எஞ்சினை எழுப்ப நேரிடும். அது மிகவும் ஆபத்தானது. எஞ்சின் உதைத்தால், உடலின் பாரம் முழுதும் தாங்கிய கை மேல்நோக்கி வீசப்படும். மேலே இழுக்கும் கையோ, உதை வந்தால் விரல்கள் விரிந்து நழுவிவிடும்.

பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகச் சுற்றிப் பிடிக்காமல், அவற்றோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று பழைய ஓட்டிகள் வற்புறுத்தியதும் இதன்பொருட்டே. கடிகாரத் திசையில் கைப்பிடி இடப்பக்கமாக மேலேறுவதால், இடக்கையால் இழுப்பதே அவர்கள் வழக்கம். கியர் நடுநிலையில் இருக்கிறதா, கைப்பிரேக் இழுக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தல் வேண்டும். தோளில் துண்டு வேண்டா; வார்ப்பட்டை ஓடும் இடத்துக்கு அருகில் நிற்கிறோம். சாவியைத் திருப்பாமலே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் எரிபொருட் கலவை சிலிண்டர்களுக்குள் இழுக்கப்படும். பிறகு சாவியைத் திருப்பி, அமுக்கம் கைக்குத் தட்டுப்படும் இடத்தில் கைப்பிடியைக் கீழே நிறுத்தி, ஒரே வெடுக்கில் மேலே இழுக்க வேண்டும். அரைச்சுற்று போதும். விடாமல் சுற்றிக்கொண்டே இருப்பது பார்வைக்கு வீரமாகத் தோன்றலாம், வேலைக்கு உதவாது.

இத்தனை பாடுபட்டு இதைப் பொருத்தத்தான் வேண்டுமா? ஏறத்தாழ 730 கிலோ எடையுள்ள பழைய வோக்ஸ்வேகனை இருவர் எளிதில் தள்ளிவிடலாம். சரிவில் நிறுத்தினால் ஒருவரே போதும். ஆகவே சமதரையில் தனித்து நிற்பவருக்கே கைப்பிடி உண்மையாகப் பயன்படும். 6 வோல்ட் அமைப்புடைய, அமுக்கம் குறைந்த எஞ்சினுக்கு அது பொருந்தும். 1131 கன சென்டிமீட்டர் கொண்ட பழைய எஞ்சினின் அமுக்க விகிதம் 5.8 மட்டுமே, நடுத்தர வலுவுள்ளவர் அதைச் சுற்றிவிடலாம். பின்னாளில் வந்த 1584 கன சென்டிமீட்டர் எஞ்சினில் அவ்விகிதம் 7.5 வரை உயர்ந்தது; கையும் அதற்கேற்ப நோகும். டைனமோவுக்கு மாறாக ஆல்ட்டர்னேட்டரும் கார்புரேட்டரில் மின்விசையால் திறக்கும் அடைப்பானும் கொண்ட வண்டிகளில், பாட்டரி தளர்ந்தால் தடைப்படும் உறுப்புகள் மேலும் பல. அவற்றிற்கு நல்ல பாட்டரி வாங்குவதே சிக்கனம்.

அவசரத்துக்கு உதவாத நாளிலும் கைப்பிடிக்கு வேறொரு பயனுண்டு. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும்போது எஞ்சினைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டியிருக்கும். டைனமோ கப்பியில் சாவி போட்டுத் திருப்பினால் வார்ப்பட்டை வழுக்கும். கைப்பிடியால் திருப்பினால் அமுக்கம் எந்தச் சிலிண்டரில் குன்றியிருக்கிறது என்பதைக் கையே உணர்ந்து சொல்லும்.

பிரெஞ்சு நாட்டில் 1948ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த சித்ரோன் 2சீவீ என்னும் இரு சிலிண்டர்க் கார் இவ்வகையில் வோக்ஸ்வேகனைவிட நற்பேறு பெற்றது. அதுவும் காற்றால் குளிர்வது. ஆனால் எஞ்சின் முன்புறத்திலிருப்பது, விசிறி வணரித்தண்டின் முனையிலேயே அமர்ந்திருப்பது. கைப்பிடியை விசிறியின் நடுவே செலுத்தினால் போதும். கப்பியும் வாரும் குறுக்கிடுவதில்லை. அதே கைப்பிடி சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றவும் ஜாக்கியை உயர்த்தவும் பயன்பட்டது. வோக்ஸ்வேகனுக்குக் கைப்பிடி செய்துகொள்பவரும் அதன் மறுமுனையைச் சக்கர போல்ட்டுக்குப் பொருந்துமாறு அமைத்துக்கொண்டால், முன்பெட்டியில் தனியே ஒரு சாவிக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை.