கடற்கரைப் புழுக்கமும் சப்பை மூக்கு நாய்களும்

சனி, ஞாயிறு வந்தால் மாமல்லபுரம் போகும் கார்களின் ஜன்னலில் பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. மணலில் நாலு எட்டு ஓடியதுமே நாக்கைத் தொங்கவிட்டு, 'கர்ர், கர்ர்' என்று மூச்சை இழுக்கின்றன. "விளையாடிக் களைச்சுப்போச்சு" என்கிறார்கள் வீட்டார். உண்மையில் நாய் மூச்சுக்குத் தவிக்கிறது.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ளும். தட்டை முகம் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்ததில் முக எலும்பு குறுகியது; உள்ளிருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துளை வெறும் கீற்றாகிவிட, நீண்டு தொங்கும் அண்ணச் சதை மூச்சுப் பாதையை அடைக்கிறது.

செங்கல்பட்டின் கத்திரி வெயிலுக்குப் பயந்தாவது நாயை வீட்டுக்குள் வைக்கிறோம். கடற்கரையில் காற்று வீசுகிறதே என்று அவிழ்த்து விடுகிறோம். என் கவலையே இதுதான். காற்றில் ஈரம் மிகுந்தால் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதோடு மருத்துவரின் வேலை முடிந்துவிடாது; மூச்சையும் சோதிக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான முறையில், மருத்துவர் முதலில் ஸ்டெதஸ்கோப்பால் மூச்சொலியைக் கேட்பார். பிறகு நாயை மூன்று நிமிடம் வேகமாக நடத்தி, மறுபடி கேட்பார். பாதிப்பு 0 முதல் 3 வரை தரம் பிரிக்கப்படும். 3 வந்தால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. மூக்குத் துளையை அகலப்படுத்தவும், அண்ணச் சதையைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. துருத்திய கண்ணில் புண் இருக்கிறதா என்று சாயமிட்டும் பார்க்க வேண்டும். எடை கூடக் கூட மூச்சு இன்னும் முட்டும்.

தமிழக அரசின் 2024-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பக், பிரெஞ்சு புல்டாக் உள்ளிட்ட 11 இனங்களைப் பெருக்கத் தடை சொன்னது. எதிர்ப்பு கிளம்பி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. ஏ.சி.யில் வைத்துக் கவனமாக வளர்த்தால் போதும் என்கிறார்கள் வளர்ப்பவர்கள். மின்சாரம் போகும் மதியத்தில் அந்த நாய் என்ன செய்யும்?

ஏற்கெனவே வளர்ப்பவர்கள், வெயில் ஏறுமுன் நாயை நடத்திவிட்டு வீடு திரும்புங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை மாட்டுங்கள். நாக்கு நீலம் பாரித்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். புதிதாக வாங்க நினைப்பவர்கள், தாய் நாயையும் தந்தை நாயையும் நடக்கவிட்டு மூச்சைக் கேளுங்கள். இரைச்சல் கேட்டால் அந்தக் குட்டியை வாங்காதீர்கள்.