மூன்று வேளை மட்டும் அறிவிப்பு

சென்ற வியாழக்கிழமை மட்டும் என் திறன்பேசிக்கு 214 அறிவிப்புகள் வந்திருந்தன. அமைப்புகளில் உள்ள ‘திரைநேரம்’ பகுதி செயலிவாரியாகக் கணக்குக் காட்டும், நீங்களும் பார்க்கலாம். எனக்கென்று ஒருவர் எழுதியவை அவற்றில் முப்பதுகூட இல்லை. மற்றவை குழு உரையாடல்கள், தள்ளுபடி விளம்பரங்கள், ‘பசிக்கிறதா?’ என்று விசாரிக்கும் உணவு விநியோகச் செயலிகள்.

எடுத்துப் பார்க்காவிட்டால் பாதிப்பில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. கவனம் தேவைப்படும் பணியில் இருந்தவர்களுக்கு அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தபோது, கைப்பேசியைத் தொடாமலேயே அவர்கள் செய்த தவறுகள் கூடின. ‘யாராக இருக்கும்?’ என்று மனம் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் அணைத்துவிடலாமா? இந்தியாவில் 237 பேரிடம் நடத்தப்பட்டு 2019ல் வெளிவந்த ஆய்வு இங்கேதான் உதவுகிறது. அறிவிப்புகளை நாளுக்கு மூன்று முறை மொத்தமாகப் பெற்றவர்களின் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அறவே பெறாதவர்களுக்கோ பதற்றம்தான் கூடியது. எதையோ தவறவிடுகிறோம் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது.

ஐபோனில் அறிவிப்புகளைத் தொகுத்து, நாம் குறித்த நேரத்தில் தரும் வசதி 2021 முதல் உண்டு. நான் தேர்ந்தெடுத்தவை நண்பகல் 12, மாலை 6, இரவு 9.30. ஆனால் அம்மா இரவுநேரப் பணிக்குச் செல்லும் தாதி. அப்போது பாட்டி வீட்டில் தனியாக இருப்பார். அதனால் இருவருடைய அழைப்பும் எந்நேரமும் ஒலிக்கும். (காலை வணக்கப் படத்தைப் பார்த்தாயா என்று கேட்கவும் பாட்டி அழைப்பார், அது வேறு கதை.)

திறன்பேசியை மாற்றப் பத்து நிமிடம் போதும். மனிதர்களிடம்தான் சிக்கல். குழுத் திட்டப்பணியில் என்னுடன் இருக்கும் தோழி நேராகவே கேட்டாள்: “நான் அனுப்புற மெசேஜ் உனக்கு முக்கியமில்லையா?” அவள் கோபத்தில் நியாயம் உண்டு. பணியை ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது, ஆறு மணிநேரம் பதிலுக்குக் காத்திருப்பது எளிதல்ல. உடனே பதில் சொல்வதையே அக்கறை என்று எண்ணப் பழகிவிட்டோம். அதை ஒருவர் தன்னிச்சையாக மாற்றினால் மற்றவருக்கு வலிக்கத்தான் செய்யும்.

அதனால் குழுவில் உள்ள ஐவரும் உட்கார்ந்து பேசினோம். அவசரம் என்றால் அழைக்கலாம். மற்றவற்றுக்கு அன்றிரவுக்குள் பதில். அதன்பின் இரண்டு வாரங்களில் எனக்கு வந்த அவசர அழைப்பு ஒன்றே ஒன்று. வகுப்பறை மாறிவிட்டதாம்.