யாருக்கு ரகசியம்?

ரகசியங்களில் மூன்று ஜாதி உண்டு. ஒருவருக்குமே தெரியாதது முதல் ஜாதி. அதைப் பற்றி நாம் எழுதுவதற்கில்லை. எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் வாய் திறவாதது இரண்டாவது; குடும்ப விவகாரங்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. எதிரிக்கு நன்றாகத் தெரிந்து, சொந்த ஜனங்களுக்கு மட்டும் தெரியாதிருப்பது மூன்றாவது. இதற்கு ராஜாங்க ரகசியம் என்று பெயர்.

1944-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி மாலை, லண்டனின் சிஸ்விக் பகுதியில் ஒரு தெரு திடீரென்று வெடித்துச் சிதறியது. மூவர் மாண்டனர். வானத்தில் விமானம் எதுவுமில்லை. அபாயச் சங்கும் ஊதவில்லை. ஹாலந்திலிருந்து ஜெர்மானியர் ஏவிய வி-2 ராக்கெட் அது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் வருவதால், வெடித்த பிறகுதான் அது வந்த ஓசை காதில் விழும். அடிபட்டு மாண்டவனுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

சர்க்கார் உண்மையை வெளியிடவில்லை. எரிவாயுக் குழாய் வெடித்துவிட்டது என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. பரவட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் நாள்தோறும் குழாய்கள் வெடித்தால் ஜனங்கள் என்னதான் நினைப்பார்கள்? ‘பறக்கும் குழாய்’ என்று கேலிப் பெயர் சூட்டினார்கள். குறி தப்பியதா, பட்டதா என்று ஜெர்மானியர் அறியலாகாது என்பது சர்க்காரின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் ராக்கெட்டை அனுப்பியவனுக்கு அது ராக்கெட் என்று தெரியும். ஏற்றுக்கொண்ட சர்க்காருக்கும் தெரியும். தலையில் வாங்கிக்கொண்டவர்களுக்கு மட்டுமே அது குழாய். கடைசியில் நவம்பர் 8-ந் தேதி ஜெர்மனியே பகிரங்கப்படுத்திவிட்டது. இரண்டு நாள் கழித்து ஸ்ரீ சர்ச்சில் பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார்.

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலும் இதே கதைதான். அதே வருஷம் மார்ச்சு மாதம், ‘அஸ்டவுண்டிங் சயன்ஸ் பிக்ஷன்’ என்னும் அமெரிக்கப் பத்திரிகையில் கிளீவ் கார்ட்மில் என்பவர் ‘டெட்லைன்’ என்றொரு கதை எழுதினார். வேறொரு கிரகத்தில் யுரேனியம்-235 கொண்டு வெடிகுண்டு செய்கிறார்கள். அங்கே போரிடும் இரு கட்சியாரின் பெயர்களும், அச்சு நாடுகள், நேச நாடுகள் என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்தவை. ஆசிரியருக்குத் தெரிந்த சங்கேத பாஷை அவ்வளவே! துப்பறியும் அதிகாரிகள் பத்திரிகை ஆபீஸுக்கு ஓடி வந்தார்கள். யுத்தத்துக்கு முன் விஞ்ஞானப் பத்திரிகைகளில் அச்சான விஷயமே கதையில் இருக்கிறதென்று பத்திராதிபர் ஜான் காம்பெல் விளக்கினார். இப்பொழுது திடீரென்று இதைப் பற்றி எழுதாமல் நிறுத்தினால், அந்த மௌனமே எதிரிக்குச் சேதி சொல்லிவிடும் என்றும் எடுத்துக் காட்டினார்.

கதாசிரியரைத் தேடிக்கொண்டிருந்த கண்கள் வீட்டுக்குள்ளிருந்த ஒற்றனைக் காணவில்லை. அணுகுண்டு தயாரான லாஸ் அலமாஸ் ஆராய்ச்சி நிலையத்திலேயே 1944 ஆகஸ்டு முதல் வேலை பார்த்தவர் கிளாஸ் பூக்ஸ் என்ற விஞ்ஞானி. குண்டின் அமைப்பை விவரமாக ருஷ்யாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் அவர். இங்கே உப ஜனாதிபதி ட்ரூமனுக்கோ, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலமாகி, 1945 ஏப்ரல் 12-ந் தேதி தாமே பதவி ஏற்கும் வரையில், அணுகுண்டு முயற்சியின் உண்மை இன்னதென்று ஒருவரும் சொல்லவில்லை. ஜூலை 24-ந் தேதி பாட்ஸ்டம் மகாநாட்டில் அவர் ஸ்டாலினை அணுகி, அசாதாரண சக்தி வாய்ந்த ஆயுதம் ஒன்று தம்மிடம் இருப்பதாக மெல்லத் தெரிவித்தார். ஸ்டாலின் முகத்தில் ஆச்சரியக் குறியே காணோம். காணாததில் என்ன ஆச்சரியம்? அந்தச் சேதி ட்ரூமனைவிட அவருக்கல்லவா பழையது! 1949 ஆகஸ்டு 29-ந் தேதி ருஷ்யாவும் தன் குண்டை வெடித்துப் பார்த்தது. அடுத்த வருஷம் பூக்ஸ் பிடிபட்டு, பதினான்கு வருஷம் சிறைத் தண்டனை பெற்றார்.

இதுவரையில் சிரித்தோம். இனிச் சிரிப்பதற்கில்லை. 1945 ஜூலை 16-ந் தேதி விடியற்காலை, நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் உலகத்தின் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் பொழுது விடியுமுன்பே ஒரு சூரியனைக் கண்டார்கள். எங்கோ ஒதுக்குப்புறத்தில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது, உயிர்ச்சேதம் இல்லை என்று பத்திரிகைகளுக்கு அறிக்கை வந்தது. அவர்களுடைய வீட்டுக் கூரையிலும், மழைநீர்த் தொட்டியிலும், மாடு மேய்ந்த புல்லிலும் விழுந்த சாம்பல் என்னவென்று எவரும் சொல்லவில்லை. எச்சரித்து அப்புறப்படுத்தவுமில்லை. கதிரியக்கத்தால் நோயுற்றோருக்கு நஷ்டஈடு வழங்க 1990-ல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. நெவாடா சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதில் இடமிருந்தது. முதல் குண்டின் அண்டை வீட்டார் பெயர் அதில் இல்லை. 2025-ல்தான் அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். குண்டின் விவரம் ஸ்டாலினுக்கு முன்கூட்டியே எட்டிவிட்டது; அதன் அண்டை வீட்டாருக்கு நேர்ந்த தீங்கைச் சட்டத்தில் ஒப்புக்கொள்ளவோ எண்பது வருஷம் பிடித்தது.

பொய்யே கூடாதென்பது நமது கட்சியல்ல. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் மெய்யோடு சேர்க்கலாமென்று வள்ளுவரே இடம் தந்திருக்கிறார். அதற்கு ரோமாபுரியில் ஓர் உதாரணம் உண்டு. 1943 அக்டோபரில் நாஜிகள் அந்நகரத்து யூதர்களை வேட்டையாடினர். திபேர் நதித் தீவிலுள்ள ஆஸ்பத்திரியில் சில யூதர்கள் தஞ்சம் புகுந்தனர். டாக்டர்கள் அவர்களை நோயாளிகளாகப் பதிந்து, ‘கே’ என்ற புதிய வியாதியைச் சிருஷ்டித்தார்கள். பயங்கரத் தொற்றுநோய்! ஜெர்மன் தளபதி கெஸ்ஸல்ரிங், ரோம் நகர நாஜிப் போலீஸ் தலைவன் காப்ளர் ஆகியோரின் முதலெழுத்தே நோயின் பெயர் என்பார்கள். சோதனையிட வந்த சிப்பாய்கள், அறைக்குள்ளே இருமல் கேட்டதும் வாசலோடு திரும்பினார்கள். உலகில் எந்த நூலிலும் இல்லாத அந்த நோய் மனிதரைக் கொல்லவில்லை, காத்தது.

லண்டனிலும் நியூ மெக்ஸிகோவிலும் ரோமிலும் பொய்யே சொல்லப்பட்டது. ஆயினும் ரோமில் அது கொலைகாரனிடமிருந்து மறைத்தது. மற்ற இடங்களில் சாகிறவனிடமிருந்து மறைத்தது. ஆகையால் எந்த சர்க்காராவது, ‘இது ராஜாங்க ரகசியம், கேட்காதே’ என்று உதட்டின் மேல் விரல் வைக்கும்போது, பிரஜை மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்: ‘ஐயா, ரகசியம் இருக்கட்டும், அது யாருக்கு ரகசியம்?’