பன்னிரண்டு மரையா, பதின்மூன்று மரையா?

ஸ்பேனரில் ‘அரை அங்குலம்’ என்று பொறித்திருக்கும். அதன் வாயை வெர்னியரால் அளந்தால் முக்கால் அங்குலத்தையும் தாண்டும். பொறித்தவர் பொய் சொல்லவில்லை. பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது வாயின் அகலம் அல்ல, அது திருப்பவேண்டிய போல்ட்டின் தண்டு விட்டம். பழைய லேலண்ட் காமெட் லாரி ஒன்றைப் பிரிக்க உட்காருகிறவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கையில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் ஒன்று உள்ளே போகாது, அல்லது லொடலொடக்கும். ஏறக்குறைய உட்காரும் ஒன்றை வைத்து நெம்பினால் நட்டின் ஆறு முனையும் மழுங்கிவிடும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான்.

பழைய வண்டியைப் புதுப்பிப்பது என்றதும் பெயின்டும் பளபளப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை கடைசி மாத வேலை. பணம் இருந்தால் முடிந்துவிடும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரே கேள்வியில் கழியும்: இது இதற்குப் பொருந்துமா?

காமெட் 1947இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தது. முதல் வடிவத்தின் பெயர் காமெட் 75. அந்த 75 அதன் குதிரைத்திறன். ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், 1950இல் லேலண்டுடன் ஒப்பந்தம் போட்டது. 1951 தொடக்கத்தில் அங்கே பூட்டிய முதல் நான்கு காமெட்களும் டிப்பர்களாக மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. 1955இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. இதற்கிடையே 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ, டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி கட்டத் தொடங்கியிருந்தது. ஆக, நம் சாலைகளில் அங்குலத்தில் பிறந்த லாரியும் மில்லிமீட்டரில் பிறந்த லாரியும் அருகருகே ஓடின.

இன்ஜினின் பெயரிலேயே அந்த வேறுபாடு தெரியும். லேலண்டின் ஓ.350, ஓ.400, ஓ.600 இன்ஜின்களில் ‘ஓ’ என்பது ஆயிலைக் குறிக்கும். டீசலை அந்நாளில் ஆயில் இன்ஜின் என்றுதான் சொன்னார்கள். எண், ஏறத்தாழ கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு. டாடாவின் 692 என்றால் 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். 697 என்றால் 97 மில்லிமீட்டர். பெயர்ப்பலகை காணாமல் போன இன்ஜினை, போரை அளந்தே அடையாளம் காண்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மரைக்கு வருவோம். 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்தது 60 டிகிரி. ஐந்து டிகிரிதானே என்று விட்டுவிட முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான இன்ஜினை டெட்ராய்ட்டில் கட்டிய பேக்கார்டு நிறுவனம், அதற்காகவே பிரிட்டிஷ் மரைகளை வெட்டவேண்டி வந்தது. அந்தத் தலைவலியின் முடிவாக 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. அதுதான் ‘யூனிஃபைடு’, 60 டிகிரி. பிரிட்டிஷ் மோட்டார் தொழில் 1950களில் மெல்ல மெல்ல அதற்கு மாறியது. அதனால் காமெட் எந்த ஆண்டில் பிறந்தது என்பதைப் பொறுத்து அதன் மரையும் மாறலாம். இடையில் அறுபது ஆண்டு ரிப்பேரில் நுழைந்த மில்லிமீட்டர் போல்ட்டுகள் வேறு.

இதில் ஒரு பொறியும் உண்டு. கால் அங்குலம், எட்டில் ஐந்து என்று பட்டறையில் சொல்லும் அரைக்காலும் அரையும் சேர்ந்த அங்குலம், முக்கால் அங்குலம் ஆகிய அளவுகளில் விட்வொர்த்துக்கும் யூனிஃபைடின் ‘கோர்ஸ்’ என்ற பருமரை வகைக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்ற எண்ணிக்கை ஒன்றே. அரை அங்குலத்தில் மட்டும் விட்வொர்த்துக்கு 12, யூனிஃபைடுக்கு 13. மற்ற அளவுகளில் ஒன்றுக்கொன்று போட்டுப் பழகிய கை, இங்கேயும் போட்டுப் பார்க்கும். இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும். பிறகு இறுகும். “தம்பி, கையால போற வரைக்கும்தான் அது உன் போல்ட். அதுக்கு மேல ஸ்பேனர் போட்டா அது யாரோடதோ” என்று லேத் பட்டறையில் ஒரு பெரியவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

அவர் சொன்னதன் பின்னால் இயற்பியல் இருக்கிறது. சரியாகப் பொருந்திய நட்டிலேயே சுமை எல்லா மரைக்கும் சமமாகப் பிரிவதில்லை. முதல் மரை மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. மரைகளின் இடைவெளியே மாறிப்போனால் ஒன்றிரண்டு மரைகள் முழுச் சுமையையும் சுமக்கும். நிற்கிற வண்டியில் அது தெரியாது. ஓடுகிற லாரியின் அதிர்வில், லட்சக்கணக்கான சிறு இழுப்புகளுக்குப் பிறகு, எச்சரிக்கை இல்லாமல் முறியும். மரை கழன்றவன் என்று மனிதரைத் திட்டுவதற்கு முன் இதை ஒரு ஸ்டீயரிங் ஆர்மில் கற்பனை செய்து பாருங்கள்.

சென்னையில் புது உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. “1956 காமெட்டுக்கு ஹப் பேரிங் இருக்கா அண்ணே?” என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். பழைய பேரிங்கைத் துடைத்து, வளையத்தில் வெட்டியிருக்கும் எண்ணைக் காட்டினால் பதில் மாறும். என் கணிப்பில் இந்தத் தொழிலின் சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. லாரி தயாரிப்பாளர் தன் வண்டிக்கென்றே செய்த பாகம் அந்த வண்டியோடு சாகிறது. ஊருக்கே பொதுவான அளவில் வாங்கிப் போட்ட பாகம் சாவதில்லை. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ‘இந்த லாரிக்குப் பாகம் எங்கே’ என்பதல்ல, ‘இந்தப் பாகத்தை வேறு யாரெல்லாம் பயன்படுத்தினார்கள்’ என்பது.

பேரிங் இதற்குத் தங்கமான உதாரணம். 6308 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 40 மில்லிமீட்டர். 63 என்ற தொடர், வெளிவிட்டம் 90, அகலம் 23 என்று சொல்லிவிடும். இதே பேரிங் நீரேற்றும் மோட்டாரிலும் இருக்கலாம், நூற்பாலையிலும் இருக்கலாம். பிரிட்டிஷ் அங்குல பேரிங்குகளுக்கும் இப்படி ஒரு மொழி உண்டு. ஆர்.எம்.எஸ்.8 என்றால் உள்ளே 1 அங்குலம், வெளியே 2½, அகலம் ¾. இவற்றை இன்றும் செய்கிறார்கள். ஆயில் சீலும் அப்படியே. மூன்று அளவுகளைச் சொன்னால் போதும், வண்டியின் பெயர் தேவையில்லை. லேலண்ட் இன்ஜின்கள் பேருந்திலும் ஜெனரேட்டரிலும் படகிலும் ஓடியவை என்பதால், லாரிக்காரர் தேடும் பிஸ்டன் ரிங் சில சமயம் மீன்பிடித் துறைமுகத்தில் அகப்படும்.

டயர் விஷயத்தில் நாம் வெளிநாட்டாரைவிட அதிர்ஷ்டசாலிகள். மேற்கில் டியூப்லெஸ் வந்து 20 அங்குல டயர்களை ஓரங்கட்டிவிட்டது. நம் ஊரில் 10.00-20 டயர், டியூப், ஃபிளாப் மூன்றும் இன்னும் கடையில் தொங்குகின்றன. டியூப்லெஸ்ஸுக்கு மாற விரும்பினால் 10.00-20க்கு விட்டத்தில் இணையானது 11ஆர்22.5. ஆனால் டயர் உட்காரும் இரும்பு டிஸ்க்கையும் மாற்றவேண்டும். பழைய டிஸ்க்கில் டயரைப் பிடித்து நிறுத்துவது ஒரு இரும்பு லாக் ரிங். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு ரிங்குகள் ஒன்றாக இருப்பதில்லை. துருப்பிடித்த அல்லது வேறு டிஸ்க்கின் ரிங்கைப் போட்டுக் காற்றடித்தால், அது பீரங்கிக் குண்டாகப் பறக்கும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கச் சொல்வது அதனால்தான். நம் பஞ்சர் கடைகளில் அந்தக் கூண்டை நான் பார்த்தது அபூர்வம்.

பொது அளவு இல்லாத பாகங்களுக்கு இன்னொரு வண்டியைப் பலிகொடுக்கவேண்டும். இரண்டு செத்த காமெட்களிலிருந்து ஒரு உயிருள்ள காமெட். இந்த வித்தையை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்ததும் லேலண்ட்தான். முதல் உலகப் போருக்காக அது கட்டிய கிட்டத்தட்ட 6,000 வாகனங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி லாரிகள். போர் முடிந்ததும் அவை மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்து பெயரைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, சுமார் 3,000 லாரிகளைத் திரும்ப வாங்கியது. கிங்ஸ்டன் அருகே ஹாம் என்ற இடத்தில், சாப்வித் விமானங்கள் கட்டிய தொழிற்சாலையில் அவற்றைப் புதுப்பித்து விற்றது. பெயர் காப்பாற்றப்பட்டது. கம்பெனியின் கஜானா கிட்டத்தட்டக் காலியானது. பழைய லாரியைப் புதுப்பிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் தங்களைத் தனியர் என்று நினைக்க வேண்டாம்.

பலிகொடுக்க வண்டியும் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளத்தான் வேண்டும். தாள் பேக்கிங் எளிது. பாகத்தின் மேல் தாளை விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போரம் தட்டிக்கொண்டே போனால் அந்த விளிம்பே கத்தியாகித் தாளை வெட்டித் தரும். வார்ப்பிரும்பு அப்படியல்ல. விரிசல் விட்ட மேனிஃபோல்டை சாதாரண வெல்டிங்கில் ஒட்டினால், அதிலுள்ள மூன்று சதவீதத்துக்கும் மேலான கார்பன், சூடு திடீரெனத் தணியும்போது வெல்டிங்கை ஒட்டிய இடத்தைக் கண்ணாடிபோல் நொறுங்குவதாக்கிவிடும். ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். முழுப் பாகத்தையும் முதலில் சூடாக்கி, நிக்கல் ராடால் பற்றவைத்து, மணிக்கணக்கில் ஆறவிடவேண்டும். அல்லது சூடே படாமல், விரிசலின் குறுக்கே உலோகப் பூட்டுகளை அடித்துத் தைக்கவேண்டும்.

புதிதாகவே வார்த்துவிடலாம் என்று பழைய பாகத்தை மணலில் பதித்து அச்செடுப்பவர்களுக்கு ஒரு பாடம் காத்திருக்கிறது. உருகிய இரும்பு உறைந்து ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும். 300 மில்லிமீட்டர் மேனிஃபோல்ட் 297ஆக வெளியே வரும். போல்ட் துளைகள் ஹெட்டின் துளைகளைப் பார்த்து முழிக்கும். வார்ப்பட மாதிரி செய்கிற தச்சர்கள் வைத்திருந்த சுருக்க அளவுகோலில் அதனால்தான் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் பெரிது. இன்று பாகத்தை ஸ்கேன் செய்து, கணினியில் அந்த ஒரு சதவீதத்தைக் கூட்டி, மணல் அச்சையே அச்சிட்டுத் தருகிறார்கள். அறிவு பழையது, கருவி மட்டும் புதிது.

கிராங்க் ஷாஃப்ட்டில் அறிவு மிகச் சின்ன இடத்தில் ஒளிந்திருக்கிறது. பேரிங்கில் சுழன்று தேய்ந்த பகுதியான ஜர்னலை அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்று படிப்படியாகக் கடைந்து, அதற்கேற்ற தடிப்பில் பேரிங் ஷெல் போடுவார்கள். விட்டத்தைத் துல்லியமாகக் கடைந்துவிட்டு, ஜர்னல் பக்கச் சுவரோடு சேரும் மூலையைக் கூராக விட்டுவிட்டால் போயிற்று. விசை அந்தக் கூர்மூலையில் குவியும். சில ஆயிரம் கிலோமீட்டரில் தண்டு இரண்டாகும். மூலையில் சிறு வளைவு இருக்கவேண்டும். அந்த வளைவை ரசீதில் யாரும் எழுதுவதில்லை.

சில இடங்களில் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லுக்கே இடமில்லை. டீசல் பம்பின் பிளஞ்சரும் அதன் பேரலும் சில மைக்ரான் இடைவெளியில் ஒன்றோடொன்று தேய்த்து இணைத்த ஜோடி. ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் மாற்றியாகவேண்டும். அவற்றுக்கு எண்ணெயிடுவது டீசலேதான். 2020 ஏப்ரல் முதல் நமக்கு வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. கந்தகத்தை நீக்கும் முறையே டீசலின் வழவழப்பையும் கொஞ்சம் குறைத்துவிடுவதால், அதை ஈடுகட்டச் சேர்மானம் கலக்கிறார்கள். பழைய ரப்பர் சீல்களுக்கு வேறு சிக்கல். அமெரிக்காவில் 1993இல் டீசலை மாற்றியபோது பழைய பம்புகள் ஒழுகத் தொடங்கின; எரிபொருளில் ஊறி உப்பியிருந்த ரப்பர், உப்பவைத்த பொருள் குறைந்ததும் சுருங்கிவிட்டது.

பிரேக்கிலும் இதே ரப்பர் கதை, தலைகீழாக. கிளைக்கால் வகை பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் கப்பில் இன்ஜின் ஆயில் பட்டால் அது உப்பிச் சிக்கிக்கொள்ளும். டிரம்மைத் திறக்கும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. உள்ளே கிடக்கும் சாம்பல் நிறத் தூளைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும். பிரேக் பாகத்தில் மட்டும் ‘அசல் பழசு’ என்ற பெருமையை விட்டுவிடுவதே நல்லது. பெட்டி பிரிக்காத அறுபது வயது ரப்பர் கப், பெட்டிக்குள்ளேயே கிழமாகியிருக்கும்.

அசல் என்ற சொல்லே நம் லாரிக்கு ஒட்டுவது கடினம். நம்மூரில் லாரி பெரும்பாலும் கேபின் இல்லாமல் வெறும் சேஸிஸாக வெளியே வந்தது. ஓட்டுநர் காற்றில் உட்கார்ந்து அதை நாமக்கல்லுக்கோ சங்ககிரிக்கோ திருச்செங்கோட்டுக்கோ ஓட்டிப் போனார். அங்கே தச்சரும் கொல்லரும் பெயின்டரும் அதற்கு முகம் கொடுத்தார்கள். வரைபடம் கிடையாது. அந்த மரக் கேபினை எந்த அசலுக்கு மீட்பது? அன்று அதைக் கட்டிய பட்டறையின் வழக்கத்துக்கு என்பதே என் பதில். மறுப்பவர்கள் உண்டு.

எல்லாம் பூட்டியாயிற்று, முதல் ஸ்டார்ட். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. சுவிட்சை அணைத்தால் நிற்காது, டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். ஆண்டுக்கணக்கில் கிடந்த பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக், முழு டீசல் தரும் நிலையில் சிக்கியிருந்தால், இன்ஜின் வேகம் பிடித்துக்கொண்டே போய்த் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். அப்போது அதை நிறுத்த மிச்சமிருப்பது காற்றை அடைப்பது ஒன்றே. அதனால் ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, காற்றுக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்துவார்கள். அவர் கையில் ஒரு பலகை இருக்கும். அதற்கு மட்டும் அளவு பார்ப்பதில்லை. குழாய் வாயைவிடப் பெரிதாக இருந்தால் போதும்.