செயலிக்கும் ஒரு பர்மிட்

2021 ஜனவரி. வாட்ஸாப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போகிறது என்று செய்தி பரவி, ஆளாளுக்கு வேறு செயலி தேடிக்கொண்டிருந்த நேரம். ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' அப்போதுதான் முதன்முதலாகப் பேச்சில் அடிபட்டது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: இப்போதைக்கு இது நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்குமான சோதனை வெளியீடு, முறையான வெளியீடு பிறகு. நாலரை ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில், ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த அதே செயலியில் மூன்றே நாளில் ஒரு நாளைக்கு 3,50,000 பேர் சேரத் தொடங்கிவிட்டார்கள் என்று அவரே எழுதினார்.

இந்த இரண்டாவது செய்தி ஊரெல்லாம் சுற்றியது. முதல் செய்தியில் வந்த 'சோதனை வெளியீடு' யார் கண்ணிலும் நிற்கவில்லை. செயலிக் கடைக்கு வராத ஒரு செயலி, குறிப்பிட்ட சிலருடைய போனுக்குள் மட்டும் எப்படிப் போய் உட்காருகிறது? வேறு யார் போனிலும் ஏன் ஏற மறுக்கிறது? மென்பொருள்காரர்களின் தினசரித் தலைவலிகளில் ஒன்று இது. தென்காசிக்காரர்களுக்கு இப்போது இது வெளியூர் விஷயமும் அல்ல. மலையடிவாரத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ அலுவலகம் இயங்குகிறது. வாடிக்கையாளர் சேவைக்கான ஜோஹோ டெஸ்க் அங்கே உருவானதுதான். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிற ஊர்ப் பிள்ளைகளின் வாயில் 'பில்டு போட்டாச்சா' (செயலியின் புதுப் பதிப்பு தயாரா) என்ற கேள்வியும் சரளமாக வருகிறது.

சோதனை எதற்கு என்று கேட்டால், எழுதியவர் மேசையில் ஓடும் செயலி வெளியே ஓடும் என்று சொல்ல முடியாது, அதற்காகத்தான். ஆபீஸ் வைஃபையில் பளிச்சென்று திறக்கும் செயலி, சீசன் கூட்டத்தில் ஐந்தருவிப் பக்கம் ஒரு கோடு சிக்னலில் என்ன செய்யும்? சாரலில் நனைந்த விரலால் தொட்டால்? விரல் படும்போது திரையின் மின்புலத்தில் உண்டாகும் மாற்றத்தை வைத்துப் போன் தொடுகையை உணர்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரு துளி விழுந்தாலே யாரோ தொட்டதாக அது நினைத்துக்கொள்ளக்கூடும். 'அனுப்பு' பொத்தான் இரண்டு தடவை அழுந்தினால் பணமும் இரண்டு தடவை போய்விடுமா? கண்ணாடி போட்ட தாத்தா எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பழைய போனில் தமிழ்ச் சொற்கள் கட்டத்துக்கு வெளியே வழிகின்றனவா? இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அவர்தான் டெஸ்டர். அவர் கைக்குச் செயலி போக வேண்டும், ஆனால் உலகத்துக்குப் போகக்கூடாது.

இங்கேதான் கையெழுத்து வருகிறது. டிஜிட்டல் கையெழுத்து என்பது பேனாக் கையெழுத்தின் ஸ்கேன் படம் அல்ல. செயலியின் கோப்பு முழுவதையும் ஒரு கணக்கு அரைத்து, ஒரே நீளமுள்ள ஒரு முத்திரை எண்ணாகச் சுருக்குகிறது. கோப்பு எத்தனை பெரிதானாலும் முத்திரை 256 பிட்தான். உள்ளே ஒரு படத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும். இந்த முத்திரையை டெவலப்பர் தன்னிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியால் பூட்டுகிறார். அதற்கு இணையான பொதுச் சாவி யார் கையிலும் இருக்கலாம். அதை வைத்துச் சரிபார்க்கலாமே தவிர, புதிதாகக் கையெழுத்துப் போட முடியாது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கண்டுபிடித்த ஆர்.எஸ்.ஏ. முறை இந்த வேலைக்குப் பெயர்போனது. தென்காசி ஆடிட்டர் அலுவலகங்களில் கம்ப்யூட்டரில் செருகும் டி.எஸ்.சி. டோக்கனுக்குள் இருப்பதும் இதே வகை ரகசியச் சாவிதான். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்தக் கையெழுத்துக்குச் சட்ட மதிப்புத் தந்தது.

ஐபோன் இதில் ரொம்பக் கறார். ஆப்பிளின் சம்மதம் ஏதோ ஒரு வடிவில் இல்லாத செயலியை அது திறக்கவே திறக்காது. கடைக்கு வராத சோதனைச் செயலிக்கு அந்தச் சம்மதம் 'ப்ரொவிஷனிங் ப்ரொஃபைல்' என்ற சின்னக் கோப்பாக வருகிறது. செங்கோட்டை தாண்டிப் புளியரை சோதனைச்சாவடியில் கேரளாவுக்குப் போகும் லாரியை நிறுத்திக் கேட்கும் பர்மிட் என்று இதை வைத்துக்கொள்ளலாம். எந்த வண்டி, யார் பெயரில், எந்த ஊருக்கு, என்னென்ன ஏற்ற அனுமதி, எந்தத் தேதி வரை. லாரியும் டிரைவரும் நிஜம்தான், ஆனால் பர்மிட்டில் ஒரு வரி ஒத்துவராவிட்டாலும் வண்டி அங்கேயே நிற்கும்.

ஐபோன் செயலி ஐ.பி.ஏ. என்ற கோப்பாக வரும். அது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரின் கடைசியை மாற்றிவிட்டுப் பிரித்தால் உள்ளே 'பேலோட்' என்ற உறை, அதற்குள் செயலி. செயலிக்குள் ஒரு பட்டியல் இருக்கும், உள்ளேயுள்ள படங்கள், எழுத்துருக்கள் போன்ற ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே அதன் முத்திரை. பக்கத்திலேயே ப்ரொஃபைல். அதைத் திறந்து பார்த்தால் செயலியின் அடையாளப் பெயர், எந்தக் குழு, யாருடைய சர்ட்டிஃபிகேட் (பொதுச் சாவி இன்னாருடையது என்று சான்று சொல்லும் கோப்பு) செல்லும், அறிவிப்பு அனுப்பலாமா என்பது போன்ற அனுமதிகள், காலாவதித் தேதி, பிறகு அனுமதிக்கப்பட்ட போன்களின் எண்கள் வரிசையாக. இவை போன் நம்பர்கள் அல்ல, ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்கள். பழைய ஐபோன்களில் 40 எழுத்து நீளம். 2018-இல் வந்த எக்ஸ்.எஸ். வரிசையிலிருந்து நடுவில் ஒரு கோட்டோடு 25. இந்தப் ப்ரொஃபைலில் ஆப்பிளே கையெழுத்திட்டிருக்கும். அதனால் நம் போனின் எண்ணை நாமே நைசாக உள்ளே எழுதிச் சேர்த்துக்கொள்ள வழியில்லை.

இப்போது தலைவலி புரியும். புதிதாக ஒரு டெஸ்டர் சேர்கிறார். அவர் போனின் அடையாள எண்ணை வாங்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அதற்குப் பதிலாக ஐ.எம்.இ.ஐ. நம்பரை அனுப்பிவைப்பார். சரியான எண் வந்ததும் ஆப்பிள் தளத்தில் பதிந்து, ப்ரொஃபைலைப் புதிதாக எடுத்து, செயலிக்கு மறுபடி கையெழுத்திட்டு, மறுபடி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். இப்படி ஓர் ஆண்டுக்கு 100 ஐபோன் வரைதான் சேர்க்கலாம். ஒருவர் போனை விற்றுவிட்டார் என்று பட்டியலிலிருந்து எடுத்தாலும் அந்த இடம் உடனே காலியாகாது, ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சந்தா 99 டாலர். ப்ரொஃபைலின் ஆயுள் ஓர் ஆண்டு. பணம் கட்டாத இலவசக் கணக்கில் எடுத்தால் 7 நாள்தான். எட்டாம் நாள் காலையில் செயலி திறக்காது. டெஸ்டர் போன் செய்து 'உங்க ஆப் செத்துப்போச்சு சார்' என்பார். செயலியில் பிழையே இருக்காது, பர்மிட் முடிந்திருக்கும்.

இந்த ஆண்டுக்கணக்கைவிட மோசமானது சாவி தொலைவது. சர்ட்டிஃபிகேட்டை ஆப்பிள் தளத்திலிருந்து எத்தனை தடவையும் இறக்கிக்கொள்ளலாம். அதற்குரிய ரகசியச் சாவியோ, அதை உண்டாக்கிய கம்ப்யூட்டரில் மட்டுமே கிடக்கும். அந்த டெவலப்பர் வேறு வேலைக்குப் போய், அவர் லேப்டாப்பையும் சுத்தமாக அழித்துவிட்டால், வெறும் சர்ட்டிஃபிகேட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தொல்லை தாங்காமல்தான், குழு முழுவதற்கும் ஒரே சாவியை மறையாக்கம் செய்து பொதுவான ஓரிடத்தில் வைக்கும் 'ஃபாஸ்ட்லேன் மேட்ச்' போன்ற கருவிகள் வந்தன. நாலு பேர் சேர்ந்து வேலை பார்க்கும் குழு என்றால் முதல் நாளே இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

போன்களின் அடையாள எண்களைச் சேகரிக்கும் வேலையை ஒழித்தது டெஸ்ட்ஃப்ளைட். முதலில் வெளியார் நடத்திய சேவை அது. அதை வைத்திருந்த பர்ஸ்ட்லி நிறுவனத்தை 2014-இல் ஆப்பிள் வாங்கியது. இப்போது மின்னஞ்சல் அழைப்போ ஓர் இணைப்போ போதும், 10,000 வெளியார் வரை சோதிக்கலாம். முதல் பில்டை ஆப்பிள் ஒருமுறை பார்த்து ஒப்புதல் தரும். ஒவ்வொரு பில்டும் 90 நாளில் காலாவதி. சோதனை என்ற பெயரில் யாரும் நிரந்தரக் கடை விரித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

அப்படிக் கடை விரித்தவர்களும் உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு மட்டும் செயலி கொடுக்க ஆப்பிள் தனியாக ஓர் என்டர்பிரைஸ் சர்ட்டிஃபிகேட் தருகிறது. அதில் போன் பட்டியலே கிடையாது, கடையின் பரிசோதனையும் கிடையாது. ஃபேஸ்புக் இதை வைத்து வெளியாட்களின் போனில் ஒரு செயலியை ஏற்றியது. மாதம் 20 டாலர் வரை கொடுத்து, 13 வயதுப் பிள்ளைகள் உட்பட அவர்கள் போனில் என்னென்ன செய்கிறார்கள் என்று கவனித்தது. 2019 ஜனவரி கடைசியில் விஷயம் வெளியே வந்தது. ஆப்பிள் அந்த ஒரே சர்ட்டிஃபிகேட்டை ரத்து செய்தது. அவ்வளவுதான், அதே சாவியில் கையெழுத்தான ஃபேஸ்புக்கின் உள்வீட்டுச் செயலிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன. சோதனைப் பதிப்புகள் மட்டுமா, கேன்டீன் சாப்பாட்டுப் பட்டியலும் ஊழியர் பஸ் நேரமும் காட்டும் செயலிகள்கூடத் திறக்கவில்லை. மறுநாள் கூகுளுக்கும் இதே கதி. இரண்டு நிறுவனத்துக்கும் பிறகு அனுமதி திரும்பக் கிடைத்தது. என்றாலும் உலகின் பெரிய நிறுவனத்தின் குடுமி ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஆப்பிளின் கையில் இவ்வளவு அதிகாரம் இருப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் அந்த வாரம் அதிகாரம் நல்ல பக்கமாகத்தான் சாய்ந்தது.

ஆண்ட்ராய்டின் சுபாவமே வேறு. அங்கேயும் கையெழுத்து இல்லாமல் செயலி ஏறாது. ஆனால் யாருடைய கையெழுத்தாக இருந்தாலும் சரி. டெவலப்பர் தனக்குத் தானே சர்ட்டிஃபிகேட் தயாரித்துக்கொள்ளலாம். போன் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஏற்கெனவே இருக்கும் செயலியின் மேல் புதுப் பதிப்பு வரும்போது, இரண்டிலும் ஒரே ஆள் கையெழுத்தா? இல்லையென்றால் ஏற்காது. அதனால் அசல் செயலியின் மேல் போலி ஒன்று ஏறி உட்கார முடியாது. அதே விதியால், சாவியைத் தொலைத்த டெவலப்பர் தன் சொந்தச் செயலிக்கே புதுப் பதிப்புப் போட முடியாமல் நின்றதும் உண்டு. பெயரை மாற்றிப் புதுச் செயலியாக வெளியிட்டு, பழைய பயனர்களையும் மதிப்பீடுகளையும் இழக்க வேண்டியதுதான். 2017-இல் கூகுளே சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. 2021 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோருக்கு வரும் புதுச் செயலிகளுக்கு அது கட்டாயம்.

தனியாளாகச் செயலி எழுதும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசற்படியும் வந்திருக்கிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியைக் கடையில் வைக்கும் முன் 20 டெஸ்டர்களை 14 நாள் தொடர்ந்து வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும் என்றது கூகுள். அடுத்த ஆண்டின் கடைசியில் அது 12 பேராகக் குறைந்தது. பிள்ளைகள் சித்தி, மாமா, விடுதித் தோழன் என்று எல்லோருடைய மின்னஞ்சலையும் கேட்டு அலைகிறார்கள். 'உன் ஆப்பை நான் போட்டுக்கிறேன், என் ஆப்பை நீ போட்டுக்கோ' என்று பண்டமாற்று நடத்தும் குழுக்களும் முளைத்துவிட்டன. இப்படிச் சேர்ந்தவர் செயலியைத் திறந்தாவது பார்ப்பாரா என்பது வேறு விஷயம்.

இத்தனை ஏற்பாட்டையும் பார்த்துவிட்டு, கையெழுத்து இருந்தால் செயலி நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. கையெழுத்து இரண்டே சங்கதி சொல்கிறது: இந்தச் சாவிக்காரர் தந்தது, வழியில் யாரும் கைவைக்கவில்லை. சாவிக்காரர் யோக்கியரா என்பது அதில் இல்லை. சாவியே திருடு போனால் முதல் சங்கதியும் போச்சு. சாம்சங், எல்.ஜி., மீடியாடெக் ஆகியோரின் சாவிகள் வெளியே கசிந்து, அவற்றால் கையெழுத்திட்ட தீய செயலிகள் உலவின என்று 2022 கடைசியில் தெரிய வந்தது.

நம்மூரில் திருடர்களுக்கு அவ்வளவு சிரமம்கூட இல்லை. பி.எம். கிசான் பணம், ஆர்.டி.ஓ. அபராதச் சலான், கல்யாணப் பத்திரிகை என்று பெயர் வைத்து, ஏ.பி.கே. என்ற ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பாக வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். அதிலும் முறையான கையெழுத்து இருக்கும், அனுப்பிய திருடனுடையது. போன் 'தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா' என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் எஸ்.எம்.எஸ்.களைப் படிக்கும் உரிமை போய், ஓ.டி.பி. போய், வங்கிக் கணக்கும் காலியாகும். செயலிக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று சரிபார்த்த பிறகே போனில் ஏற்ற விடும் முறையைக் கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, மற்ற நாடுகளுக்கு அதன்பின் என்பது அந்த அறிவிப்பு.

அதுவரை காவல் நம் கையில்தான். தெரிந்த பையன் தன் செயலியைச் சோதிக்கச் சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள், டெஸ்ட்ஃப்ளைட் வழியாகவோ பிளே ஸ்டோரின் சோதனை அழைப்பு வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை, அனுப்பியவர் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், திறக்காதீர்கள். அண்ணன் போன் ஏற்கெனவே திருடன் கைக்குப் போயிருக்கலாம். தெரியாமல் திறந்து பணம் போய்விட்டதா, உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.