கரன்ட் போனா இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்? ஈஸியா கணக்கு போடலாம்!

2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டு புயலின்போதும் சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்கள் மழைக்கு முன்பே போட்டு வைக்க வேண்டிய கணக்கு இது.

பேட்டரியில் எவ்வளவு இருக்கு?

பல வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-ஹவர். ஆனா, இது முழுசா நம்ம கைக்கு வராது. லெட் ஆசிட் பேட்டரியை அடிவரை காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால், 80% மட்டும் எடுத்துக்கொள்வோம். டிசி கரன்ட்டை ஏசியாக மாற்றும்போது இன்னொரு 20% வரை வீணாகும்.

1,800 × 0.8 × 0.8 = 1,152 வாட்-ஹவர். இதுதான் கையிருப்பு.

செலவு எவ்வளவு?

* பழைய சீலிங் ஃபேன் 2: 150 வாட்
* எல்இடி பல்பு 2: 20 வாட்
* வைஃபை ரூட்டர்: 10 வாட்
* லேப்டாப்: 60 வாட்

மொத்தம் 240 வாட். 1,152-ஐ 240-ஆல் வகுத்தால் 4.8, அதாவது 5 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

எப்படி நீட்டிப்பது?

எல்லாரும் ஒரே ரூமுக்கு வந்து, ஒரு ஃபேன், ஒரு பல்பு மட்டும் போட்டால் 155 வாட். சுமார் ஏழரை மணி நேரம். லேப்டாப்பையும் மூடிட்டா 95 வாட். 12 மணி நேரம். ஒரு ராத்திரி ஓடிடும். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் இன்னும் லாபம்.

ஏன் சொன்ன நேரம் வரலை?

150 ஏஎச் என்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக உறிஞ்சினால் குறையும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் கரன்ட் எடுக்கும். பேட்டரி பழசானால் இன்னும் குறையும். அதனால், ஒரு லீவு நாளில் ஃபுல் சார்ஜில் மெயினை ஆஃப் செய்து, 'லோ பேட்டரி' பீப் வரும்வரை நேரம் பாருங்க. அதுதான் உங்க வீட்டின் நிஜக் கணக்கு.

முக்கியமா, வீட்டுக்குள் தண்ணீர் வரும்போல இருந்தால் மெயினை மட்டும் அணைச்சா போதாது. பிளக் பாயின்ட்டுகளில் இன்வெர்ட்டர் கரன்ட் வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அதையும் ஆஃப் செய்துடுங்க.