பழுது தெரியும் இடமும் பழுது இருக்கும் இடமும்

ஒரு சிறு நிறுவனத்தின் கணினிப் பிணையத்தில் ஏற்படும் பழுது, அது உண்மையில் நேர்ந்த இடத்திலேயே வெளிப்படுவது அரிது. கேபிள் முனையில் ஒரு செப்புக் கம்பி விட்டுப்போனால் கணக்கு மென்பொருள் மந்தமாகிவிட்டதாகத் தோன்றுகிறது. பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை நின்றுபோனால் இணையமே இல்லை என்று முடிவு செய்யப்படுகிறது. தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் ஒரே எண்வரிசை வழங்கப்பட்டிருந்தால், எந்தக் கருவியும் கெடாத நிலையிலேயே ஒன்றை மற்றொன்று அடைய முடியாமல் போகிறது. விலைப்பட்டியல், ஜி.எஸ்.டி. படிவம், யு.பி.ஐ. வரவு, கண்காணிப்புக் கேமரா ஆகிய எல்லாமே ஒரே பிணையத்தை நம்பியிருக்கும் இக்காலத்தில், தொழில்நுட்பப் பணியாளர் எவரும் இல்லாத கடைகளும் பட்டறைகளும் எல்லாக் கருவிகளையும் அணைத்து மீண்டும் இயக்குவதையே ஒரே மருந்தாகக் கொண்டிருக்கின்றன. அது சில வேளைகளில் பலன் தருகிறது; ஆனால் கருவியின் நினைவகத்தில் இருந்த தடயங்கள் அதனால் அழிந்துவிடுவதால், அதே பழுது மீண்டும் வரும்போது அதன் காரணம் முன்போலவே மறைந்திருக்கிறது. ஒவ்வொரு கருவியின் கடமை எது என்று அறிந்து, அருகிலிருந்து தொலைவுக்கு ஒழுங்காகச் சோதித்துச் செல்வதே நிலையான தீர்வுக்கு வழி. அதற்குத் தேவையான அறிவு சாதாரணப் பயனாளருக்கு எட்டாததும் அல்ல.

மூன்று கடமைகள்

சுவிட்ச் என்பது ஒரே அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிகள், அச்சுப்பொறிகள், கேமராக்கள் ஆகியவற்றைக் கேபிள் வழியே இணைக்கும் கருவி. ஒவ்வொரு பிணையக் கருவிக்கும் தயாரிப்பின்போதே மேக் முகவரி எனப்படும் 48 பிட் நீளமுள்ள அடையாள எண் தரப்படுகிறது. எந்த எண்ணுக்கு உரிய கருவி தன்னுடைய எந்தப் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் எந்தத் துளையில், இருக்கிறது என்பதை சுவிட்ச் தானே கற்று அட்டவணையாக வைத்துக்கொண்டு, வரும் தரவை உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. ரவுட்டர் என்பது இரண்டு வேறு பிணையங்களை இணைப்பது. அலுவலகத்துக்குள் வழங்கும் ஐ.பி. முகவரிகளையும் வெளியுலகின் முகவரிகளையும் அறிந்து, உள்ளிருக்கும் பல கருவிகள் ஒரே பொது முகவரியின் வழியே இணையத்தை அடையும்படி முகவரிகளை மாற்றி எழுதுவது அதன் பணி. வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனிப்பிணையம் தனிக் கருவியாக இருக்க வேண்டியதில்லை. பொது இணையத்தின் ஊடாக இரண்டு அலுவலகங்களுக்கிடையே, அல்லது வெளியூரிலுள்ள ஊழியருக்கும் அலுவலகத்துக்குமிடையே, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட தனிப்பாதையை அமைக்கும் ஏற்பாடு அது.

இணையச் சேவை நிறுவனம் சுவரில் மாட்டிச் செல்லும் பெட்டியைப் பலரும் மோடம் என்றே அழைத்தாலும், அதற்குள் ஃபைபர் இணைப்பை ஏற்கும் பகுதி, ரவுட்டர், நான்கு போர்ட் கொண்ட சிறு சுவிட்ச், வைஃபை ஆகிய நான்கும் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன. பெட்டி ஒன்றே என்றாலும் கடமைகள் வேறு வேறு என்பதை மனத்தில் பிரித்துக்கொண்டால்தான், வைஃபை வராததையும் இணையம் வராததையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க முடியும்.

கம்பியிலிருந்து தொடங்குதல்

ராபர்ட் மெட்கால்ஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1973-இல் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட் என்னும் முறையே இன்றும் அலுவலகக் கேபிள்களில் வழங்குகிறது. இன்றைய செப்புக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தொடர்ச்சியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகளே போதும் என்றாலும், அதைப்போல் பத்து மடங்கான ஒரு கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் தேவை. ஆகவே நடுவே ஒரு கம்பி விட்டுப்போனால், பல கருவிகள் எந்த எச்சரிக்கையும் தராமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகின்றன. விளக்கு எரிகிறது, இணைப்பு இருக்கிறது, வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்காகிறது. பல சுவிட்சுகளில் போர்ட் விளக்கின் நிறமே வேகத்தைக் காட்டுவதால், கருவியுடன் வரும் கையேட்டில் அந்த நிறங்களின் பொருளை ஒருமுறை பார்த்துவைப்பது பயன் தரும்.

இந்த நிலையில் செய்யத்தக்க சோதனை எளியது: நன்றாக இயங்குவதாக ஏற்கெனவே உறுதியான ஒரு கேபிளை மாற்றிப் பார்ப்பதும், அதன் பிறகே போர்ட்டை மாற்றிப் பார்ப்பதும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பழுது நீங்கலாம், ஆனால் எது பழுது என்பது தெரியாது. மின்சாரத்தையும் இங்கேயே கவனிக்க வேண்டும். கணினிக்கு யு.பி.எஸ். வைத்திருக்கும் பல இடங்களில் சுவிட்சும் ரவுட்டரும் நேரடி மின்சாரத்தில் இயங்குவதால், நொடிப்பொழுது மின்தடையிலும் கணினி அணையாமல் இணைப்பு மட்டும் அறுகிறது. வலுவிழந்த அடாப்டரும் கருவியை அவ்வப்போது தானே மறுதொடக்கம் செய்ய வைக்கிறது.

சுவிட்சுக்கே உரிய கடுமையான பழுது ஒன்று உண்டு. யாரோ ஒருவர் தளர்ந்து கிடக்கும் கேபிள் முனையைக் கண்டு அதைக் காலியான போர்ட்டில் செருக, அதன் மறுமுனை அதே சுவிட்சிலோ அதனோடு முன்பே இணைந்துள்ள இன்னொரு சுவிட்சிலோ இருந்துவிட்டால், ஒரு வட்டப்பாதை உருவாகிவிடுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பப்படும் அறிவிப்புகள் அந்த வட்டத்தில் நிற்காமல் சுற்றத் தொடங்குகின்றன, ஐ.பி. பொட்டலம் எனப்படும் தரவுத் துண்டுக்கு இருப்பதைப் போன்ற ஆயுள் எண்ணிக்கை, கம்பியில் அதைச் சுமந்து செல்லும் ஈதர்நெட் சட்டகத்துக்கு இல்லாததால் அவை தாமாக அழிவதில்லை, சில நொடிகளில் அலுவலகம் முழுவதும் முடங்குகிறது. எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒருசேர வெறிகொண்டு மின்னுவது இதன் அடையாளம். வட்டங்களைத் தானாகக் கண்டறிந்து ஒரு பாதையை மூடிவைக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்னும் நெறிமுறையை ரேடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்தார். எனினும் விலை குறைந்த, அமைப்புகளை மாற்ற இயலாத சுவிட்சுகள் பலவற்றில் அது இல்லை. அங்கே கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் விளக்குகள் அமைதியடைகின்றன என்று பார்ப்பதே வழி.

முகவரியும் வழியும் பெயரும்

கம்பி சரியாக இருந்தால் அடுத்து முகவரி. கணினி பிணையத்தில் சேரும்போது அதற்கு ஐ.பி. முகவரியைத் தானாக வழங்கும் சேவைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர், சிறு அலுவலகங்களில் ரவுட்டரே இதைச் செய்கிறது. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது கேட்டும் எவரும் முகவரி தரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ஆகவே இணையச் சேவை நிறுவனத்தை அழைக்கும் முன் அலுவலகத்துக்குள்ளேயே தேட வேண்டும். சிலருக்கு மட்டும் இணையம் வருகிறது, சிலருக்கு வரவில்லை என்றால், வருபவரின் கணினியையும் வராதவரின் கணினியையும் அருகருகே வைத்து முகவரிகளை ஒப்பிடுவது சிறந்த சோதனை. பின்னறையில் வைஃபை கிடைக்கவில்லை என்று யாரேனும் பழைய ரவுட்டர் ஒன்றைச் செருகியிருந்தால், அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கத் தொடங்கி, எந்த ரவுட்டர் முந்திக்கொள்கிறதோ அதனிடம் முகவரி பெற்று, கணினிகள் இரு பிரிவாகிவிடும். ரவுட்டர் தானாக வழங்கும் எண்வரிசைக்குள்ளேயே அச்சுப்பொறிக்குக் கைமுறையாக ஓர் எண்ணை அமைத்தால், ஒரு நாள் அதே எண் வேறொரு கைபேசிக்கும் போய் இரண்டும் மோதும். நிலையான முகவரிகளை அந்த வரிசைக்கு வெளியே வைப்பது இதைத் தடுக்கும்.

முகவரி சரியாக இருந்தால், பிங் என்னும் கட்டளை அடுத்த கேள்விகளுக்கு விடை தரும். மைக் மூஸ் 1983-இல் எழுதிய இந்தச் சிறு நிரல் ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லிவிநாடியில் வருகிறது என்று காட்டுகிறது. முதலில் ரவுட்டரின் உள்முகவரிக்கும், அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கும், கடைசியாக ஏதேனும் ஓர் இணையதளத்தின் பெயருக்கும் இதை அனுப்ப வேண்டும். முதலாவதே தோற்றால் பழுது அலுவலகத்துக்குள் இருக்கிறது. முதலாவது வென்று இரண்டாவது தோற்றால் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. இரண்டும் வென்று பெயர் மட்டும் தோற்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் முடியும் இந்த மூன்று சோதனைகள் தேட வேண்டிய பரப்பை மூன்றில் ஒன்றாகச் சுருக்கிவிடுகின்றன.

வி.பி.என். ஏன் அறுகிறது

வி.பி.என். பழுதுகள் பலருக்கு மர்மமாகத் தோன்றுவதற்குக் காரணம், மேலே கூறிய எல்லாமும் இரு முனைகளிலும் சரியாக இருந்தால்தான் அது இயங்கும் என்பதே. இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பாதை உருவாகவே இல்லையா, உருவாகியும் தரவு போகவில்லையா என்பது.

பாதையே உருவாகாதபோது பொதுவான காரணங்கள் சில. ஒரே முகவரியில் பல சேவைகளைப் பிரித்தறிய உதவும் போர்ட் எண்களில், ஐபிசெக் வகை வி.பி.என். யு.டி.பி. 500, 4500 ஆகியவற்றையும், 2020-இல் லினக்ஸ் கருநிரலில் சேர்க்கப்பட்ட வயர்கார்ட் என்னும் வகை வழக்கமாக 51820-ஐயும் பயன்படுத்துகின்றன. தரவை வடிகட்டும் காவல் ஏற்பாடான தீயரண் இடையில் இவற்றை மூடியிருந்தால் பேச்சு தொடங்குவதே இல்லை. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களுக்குள் இருந்தால், சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள்; அத்தகைய அலுவலகத்தை வெளியிலிருந்து நேரடியாக அழைக்க முடியாது என்பதால், பொது முகவரி உள்ள முனை காத்திருக்க, இந்த முனையே அழைப்பைத் தொடங்கும்படி அமைக்க வேண்டும், அல்லது நிலையான பொது முகவரியைக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். மின்தடைக்குப் பின் ரவுட்டரின் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிட்டால், வி.பி.என். முனையை அடையாளம் காட்டும் செல்லுபடியான சான்றிதழும் இன்னும் பிறக்காத சான்றிதழாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படும். கடிகாரத்தை இணைய நேரச் சேவையோடு இணைத்துவைப்பது இதற்குத் தீர்வு.

பாதை உருவாகியும் எதுவும் போகவில்லையென்றால், இரு முனைகளின் எண்வரிசைகளை ஒப்பிட வேண்டும். உள்பயன்பாட்டுக்கென 1996-இல் வகுக்கப்பட்ட மூன்று தொகுதிகளில் 192.168 என்று தொடங்குவதையே வீட்டு ரவுட்டர்களும் அலுவலக ரவுட்டர்களும் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் 192.168.1 வரிசையே இருந்தால், வீட்டிலிருக்கும் கணினி அலுவலகச் சர்வரின் முகவரியைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும், தரவு வி.பி.என். பாதையை நாடவே நாடாது. அலுவலகப் பிணையத்தை அமைக்கும் நாளிலேயே அதிகம் வழங்காத ஒரு வரிசையைத் தேர்ந்தெடுப்பது, பின்னாளில் எல்லாக் கருவிகளின் எண்களையும் மாற்றும் துன்பத்தைத் தவிர்க்கிறது.

மிகவும் ஏமாற்றும் பழுது, சிறியவை போய்ப் பெரியவை நின்றுவிடுவது. பிங் பதில் தருகிறது, உள்நுழைவுப் பக்கமும் திறக்கிறது, ஆனால் கோப்பை நகலெடுக்கத் தொடங்கியதும் எல்லாம் உறைந்துவிடுகிறது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட் வரை இருக்கலாம். சேவை நிறுவனத்தின் பி.பி.பி.ஓ.இ. இணைப்பு 8 பைட்டை எடுத்துக்கொண்டு 1492 ஆக்குகிறது, வி.பி.என். தன் பங்குக்குப் புதிய முகவரியையும் மறையாக்கக் குறிப்புகளையும் சேர்க்கிறது. ஏற்கெனவே நிரம்பிய கடித உறையை இன்னொரு உறைக்குள் வைத்தால் அது அஞ்சல் பெட்டியின் வாயில் நுழையாததைப் போல, பெருத்த பொட்டலம் வழியில் தங்கிவிடுகிறது. அதைச் சொல்லும் ஐ.சி.எம்.பி. என்னும் அறிவிப்பை இடையிலுள்ள தீயரண் தடுத்துவிட்டால், அனுப்பிய கணினி அதே அளவில் மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பிளக்கக் கூடாது என்ற குறிப்போடு பிங் செய்தியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவில் பதில் வருகிறது என்று கண்டு, எம்.டி.யு. எனப்படும் உச்ச அளவை அதற்கேற்பக் குறைத்தால் சிக்கல் தீரும். வயர்கார்ட் பொதுவாக 1420 பைட் என்று தொடங்குவதும் இதே காரணத்தால்தான்.

தற்காலிகத் தீர்வின் விலை

பழுது நீங்காத சலிப்பில் தீயரணை முழுதாக அணைப்பதும், அலுவலகக் கணினியின் தொலைதிரைச் சேவையை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவதும் வழக்கமாகிவருவது கவலைக்குரியது. 2018-இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைத் தொற்றியதாக மதிப்பிடப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்களே. சோதனைக்காக ஒரு தடுப்பை நீக்கினால், எப்போது நீக்கப்பட்டது என்று எழுதிவைத்து, சோதனை முடிந்ததும் அதை மீண்டும் அமைக்க வேண்டும். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுவதும், தயாரிப்பாளர் வெளியிடும் மென்பொருள் புதுப்பிப்புகளை நிறுவுவதும் பழுது நீக்கும் பணியின் பகுதிகளே.

இவ்வளவுக்கும் அடித்தளமாக அமைவது, எல்லாம் நன்றாக இயங்கும் நாளில் எழுதப்படும் குறிப்பு. எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டிலிருந்து எங்கே செல்கிறது, எந்தக் கருவிக்கு எந்த முகவரி, ரவுட்டரின் அமைப்புக் கோப்பின் நகல் எங்கே இருக்கிறது, கடைசியாக மாற்றப்பட்டது எது என்பவை ஒரு நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களில் அடங்கிவிடும். அந்தப் பக்கங்கள் இருக்கும் நிறுவனம், சேவை நிறுவனத்தை அழைக்கும்போது இணையம் வரவில்லை என்று மட்டும் சொல்லாமல், ரவுட்டர் பதில் தருகிறது, வெளி முகவரி பதில் தரவில்லை, காலை முதல் இவ்வாறு இருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல முடிகிறது. வெளியிலிருந்து வரும் தொழில்நுட்பரின் நேரமும் கூலியும் குறைவது ஒரு பயன். தன் தொழில் எதை நம்பி நடக்கிறதோ அதைத் தானே புரிந்துகொண்டிருக்கும் உரிமையாளரை, பழுதைக் காட்டி எவரும் தேவையற்ற கருவியை வாங்க வைக்க முடியாது என்பது அதனினும் பெரிய பயன்.